ஐந்தாம் தேதிக்குள்

பால்சாமி அண்ணன் எங்கள் கடைக்கு வந்தால் உட்கார மாட்டார். நாற்காலியைப் பார்ப்பார், தன் கைலியைப் பார்ப்பார், நின்றுகொள்வார். கரிமூட்டத்தில் வேலை செய்கிறவர் உட்கார்ந்து எழுந்த இடம் தனியாகத் தெரியும். பிறகு யாராவது அதைத் துடைக்க வேண்டும். துடைக்கிறவரின் முகத்தைப் பார்ப்பதைவிட நிற்பதே மேல் என்று எப்போதோ முடிவு செய்திருப்பார் போல.

கடை என்பது கடலாடியில் தபால் அலுவலகத்துக்கு எதிரே காஜா நவாஸ் பாய் நடத்தும் கணினி மையம். ஆதார் அச்செடுப்பது, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, ரயில் டிக்கெட் போடுவது இவைதான் வேலை. பாய் பெரும்பாலும் பெரியபட்டினத்தில் வீட்டோடு இருப்பார், வாரத்தில் இரண்டு நாள் வந்து பார்ப்பார். மற்ற நாட்களில் நான்தான். பி.காம். முடித்ததும் தேர்வு முடிவு வரும்வரை என்று சொல்லிச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். எந்தத் தேர்வின் முடிவு வரும்வரை என்று இப்போது வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பால்சாமி அண்ணன் முதல் தடவை ஒரு வண்ணக் காகிதத்தோடு வந்தார். டீக்கடையில் யாரோ கொடுத்தது. போடும் பணம் இரண்டே வருடத்தில் இரட்டிப்பாகும் என்று ஏதோ ஒரு கம்பெனி அச்சடித்திருந்தது. கம்பெனியின் பெயர் பெரிதாகவும் முகவரி எறும்பளவிலும் இருந்தன.

"தம்பி, இது எப்பிடி? போடலாமா?"

"யாருக்குண்ணே? உங்களுக்கா?"

"எனக்கு எதுக்குப் போடப் போறேன். ஒரு பிள்ளைக்கு."

"பிள்ளைக்குன்னா இதுல போடாதீங்க."

"ரெட்டிப்பாகும்ங்கிறான்."

"அவனுக்கு ரெட்டிப்பாகும்."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எறிந்துவிட மனம் வராத மாதிரி இருந்தது.

"அப்பக் கொறச்சலா வளந்தாலும் போகுது. முழுசாத் திரும்பி வார மாதிரி ஒரு எடம் சொல்லு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாதாரணச் சேமிப்புக் கணக்கு, மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, மொத்தமாகப் போட்டு வைக்கும் வைப்புத் தொகை. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: நடுவில் யாராவது எடுக்க முடியுமா? பிள்ளை பேரில் இருந்தாலும் பாதுகாவலராகக் கையெழுத்துப் போடுகிறவர் எடுக்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"ஒம்பது. மாசியில பத்து முடியுது."

"பொம்பளப் பிள்ளையா?"

"ஆமா. சிநேகா. என் தங்கச்சி மக."

"அப்ப செல்வமகள் கணக்குத்தாண்ணே. பத்து முடியுறதுக்கு முன்னால தொடங்கணும். சாதாரணக் கணக்கைவிட வட்டி கூட. பதினெட்டு வயசாகணும், இல்ல பத்தாவது பாஸ் பண்ணணும், அதுக்கு முன்னாடி படிப்புக்குன்னாலும் எடுக்க விடமாட்டாக."

"அவுக அப்பனால எடுக்க முடியாதா?"

"முடியாது."

"நான் போய்க் கேட்டாலும்?"

"குடுக்க மாட்டாக."

"அப்பச் சரி. நமக்கும் ஒரு நேரம் புத்தி கெட்டுப்போகும்."

மாசிக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது. உடனே விண்ணப்பத்தை அச்செடுக்கச் சொன்னார். எதிரே தபால் அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். பாதுகாவலர் என்ற இடத்தில் அவர் சொன்னபடி அவர் பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் தாய்மாமன் என்று எழுதினேன். அது செல்லாது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பி.காம். படித்தவன், இருந்தும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்குத் தாய் இல்லையென்றால் அடுத்துக் கேட்கிற பெயர் தாய்மாமன் பெயர்தான். அது மனதில் அப்படியே கிடந்திருக்கிறது.

கவுண்டரில் இருந்த அக்கா விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அம்மா, அப்பா யாராச்சும் வரணும்ணே. இல்லாட்டி கோர்ட்ல கார்டியன்னு உத்தரவு வாங்கணும்."

"அம்மா இல்லம்மா. செத்துப்போச்சு."

"அப்பா?"

"இருக்கான்."

"அப்ப அவர்தான் தொடங்கணும்."

"நான் தாய்மாமன்மா. அந்தப் பிள்ளைக்கு மொட்டையெடுத்து காது குத்துனது என் மடியில வச்சு."

அந்த அக்கா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "காது குத்த உங்க மடி வேணும்ணே. கணக்குக்கு அவுக அப்பா கையெழுத்து வேணும். நான் என்ன பண்ணட்டும்?" என்று விண்ணப்பத்தைக் கவுண்டருக்கு வெளியே தள்ளினார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். விண்ணப்பத்தின் ஓரத்தில் அவர் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பாக இருந்தது. இன்னொரு வழியும் இருந்தது, சொன்னேன். பத்து வயது முடிந்துவிட்டால் பிள்ளையே தன் பெயரில் தபால் அலுவலகத்தில் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம், அப்பா கையெழுத்துத் தேவையில்லை. ஆனால் அது எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கு. பிள்ளையிடம் போட்டு வா என்றாலும் போடும், எடுத்து வா என்றாலும் எடுக்கும்.

"அவ அப்பன்கிட்ட நான் பேசுறதில்ல தம்பி" என்றார். "பேசி மூணு வருசமாச்சு." பிறகு பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்.

பத்து நாள் வரவில்லை. விண்ணப்பம் என் மேசையில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாயின் வண்டியை எடுத்துக்கொண்டு மூட்டத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்ன ஒரு யோசனையை ஒருவர் அவ்வளவு நம்பிக்கையோடு கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயல்குடி சாலையிலிருந்து பிரிந்து வண்டிப்பாதையில் போக வேண்டும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வெகுதூரத்துக்கு வீடு இல்லை, கடை இல்லை. தெற்கே கண்ணுக்குத் தெரியாத கடலிலிருந்து காற்று மட்டும் வரும். வெட்டவெளியில் மண் மூடிய பெரிய மேடு ஒன்று புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓலைக்கொட்டகை. அவர் மூட்டத்தைச் சுற்றி மண்வெட்டியோடு நடந்துகொண்டிருந்தார். மரத்தை அடுக்கி, மேலே செத்தையும் மண்ணும் மூடி, தீ வைத்துவிட்டால் வெந்து முடியும்வரை விட்டுப் போக முடியாது. எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே புகுந்தால் அத்தனையும் சாம்பலாகிவிடும். பகலும் இரவும் அவர் அங்கேதான். மற்ற ஆட்கள் மரம் வெட்டும்போதும் கரி அள்ளும்போதும் வருவார்கள். நடுவில் இருக்கும் நாட்கள் அவருடையவை.

"என்னலே, இம்புட்டுத் தூரம்?" என்றார். முதல் தடவையாகத் தம்பி போய் ஏலே வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

"சும்மாதாண்ணே. ஃபாரம் அங்கனயே கெடக்கு."

"கெடக்கட்டும்."

கொட்டகையில் தண்ணீர் கொடுத்தார். அங்கே ஒரு அடுப்பு, ஒரு பானை, ஒரு தட்டு. ஒரு தட்டுதானா என்று நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "வாரவுக வாழையெலையோட வருவாக" என்று சிரித்தார்.

அன்றைக்குத்தான் சொன்னார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவருக்குப் பதினேழு, தங்கச்சி பஞ்சம்மாளுக்கு ஏழு. சோறு வடித்து, தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பியது அவர்தான். தலை மட்டும் கடைசிவரை நேராகப் பின்ன வரவில்லையாம். டீச்சர் தினமும் அவிழ்த்துப் பின்னிவிடுவாராம். பஞ்சம்மாளைப் பத்தாவது வரை படிக்க வைத்து, பரமக்குடிப் பக்கம் பிரபாகரனுக்குக் கட்டிக்கொடுத்தார். அதன் பிறகு தனக்குப் பெண் பார்க்கலாம் என்றிருந்தார். "போன எடத்துலெல்லாம் மொதல்ல கையைத்தான் பாத்தாக" என்றார். வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி இல்லை. மழை தப்பிப்போன வருடத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

சிநேகாவுக்குக் காது குத்தும்போது அவள் அவர் கட்டைவிரலைக் கடித்து ரத்தம் வரவைத்திருக்கிறாள். மாமன் கையைப் பிடித்தால் கன்னமெல்லாம் கறுப்பாகிவிடும் என்று பஞ்சம்மாள் சொல்லிச் சொல்லி, பிள்ளை அவரைக் கரிமாமா என்றே கூப்பிடத் தொடங்கியது.

பிள்ளைக்கு ஆறு வயதாக இருந்தபோது பஞ்சம்மாளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பிரபாகரன் நாட்டுமருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. பொறந்த வீட்டுக் கோடிச்சேலையோடு போன பால்சாமி அண்ணன், அதைத் தங்கச்சி மேல் போர்த்திவிட்டு எழுந்து, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் பிரபாகரனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: "நீதாண்டா கொன்ன."

"சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "அவனுக்கும் தெரியாமத்தான செஞ்சான். அவன் இனிமே இந்த வாசல்ல ஏறாதன்னுட்டான். நானும் ஏறல."

அடுத்த வருடம் பிரபாகரன் மதுமதியைக் கல்யாணம் செய்துகொண்டு பரமக்குடிக்கே குடிபோய்விட்டான்.

நான் அவசரப்பட்டு, "போய்க் கேப்போம்ணே. பணம் நீங்க கட்டப் போறீங்க, அவர் கையெழுத்து மட்டும்தான" என்றேன். எனக்குத் தெரிந்தது விதி மட்டும். விதிப்படி அது ஒரு கையெழுத்து.

அவர் மூட்டத்தின் பக்கம் எழுந்து போனார். புகை வந்த ஓர் ஓட்டையில் மண் போட்டு மிதித்தார். அங்கிருந்தே, "அடுத்த வாரம் முடியட்டும். இதப் பிரிச்சுட்டு வாரேன்" என்றார்.

பரமக்குடிக்குப் போன நாளில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. முந்தின நாள் முழுவதும் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்த்திருக்கிறார். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. நகத்துக்கடியில் இருந்தது மட்டும் போகவில்லை. பிஸ்கட்டும் ஆரஞ்சுப் பழமும் வாங்கினார். பழத்தைத் திரும்ப வைத்துவிட்டு ஆப்பிள் வாங்கினார். பிறகு ஆரஞ்சையும் வாங்கினார்.

பிரபாகரன் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் அவன் ஓட்டும் சரக்கு ஆட்டோ நின்றது. எங்களைப் பார்த்ததும் எழுந்தான். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. மதுமதிதான் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, யாரென்று புரிந்துகொண்டு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வாசலில் போட்டாள். பால்சாமி அண்ணன் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"பிள்ளை பேருல தபால் ஆபீஸ்ல பணம் போடலாம்னு இருக்கேன்" என்றார். யாரை நோக்கியும் சொல்லவில்லை. மாப்ள என்ற வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. "அப்பன் கையெழுத்துப் போடணுமாம்."

நான் விவரம் சொன்னேன். பிரபாகரன் கடைசிவரை கேட்டான். மாதாமாதம் யார் கட்டுவது என்று கேட்டான். அவர் என்றேன். என்னால் எடுக்க முடியுமா என்று கேட்டான். முடியாது என்றேன். அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது.

"அதுக்குத்தான் இதத் தேடிப் பிடிச்சீகளா? நான் பிள்ளை காசத் தின்றுவேன்னு?"

"யாராலயும் எடுக்க முடியாது" என்றார் பால்சாமி அண்ணன். "என்னாலயும் முடியாது. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

ஒரு ரயில் போனது. பத்திரமான இடம் என்று நான் காட்டிய இடத்துக்குப் போகும் வழி இந்த வாசற்படி வழியாகப் போகும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது சரிதானா என்று நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

"ஒண்ணு சொல்லிர்றேன்" என்றான் பிரபாகரன். "நாளப்பின்ன பிள்ளைக்குச் சடங்குன்னு வந்தா மாமன் சீரு மதுமதி அண்ணன்தான் செய்வாக. பேசியாச்சு. இதக் கட்டிட்டு அதுல வந்து நிக்கக் கூடாது."

தங்கச்சி மகளின் சடங்குக்குத் தட்டெடுத்து வரும் நாளுக்காகத்தான் எங்கள் பக்கத்து மாமன்கள் வாழ்நாளெல்லாம் சேர்ப்பார்கள். மதுமதி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இதை இப்போது சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே பட்டிருக்கும்.

"செய்யட்டும்" என்றார் பால்சாமி அண்ணன். கொஞ்சம் பொறுத்து, "இது சீரு இல்ல. கையெழுத்துப் போடு" என்றார்.

"பிள்ளைகிட்டயும் சொல்லக் கூடாது. அவ வளந்து மாமன் படிக்க வச்சாருன்னு பேசுனா நான் எதுக்கு இருக்கேன்?"

"சொல்லல."

மதுமதி உள்ளே திரும்பி, "சிநேகா, மாமா வந்துருக்காக பாரு, வாங்கன்னு சொல்லு" என்றாள்.

உள்ளிருந்து குரல் வந்தது: "எந்த மாமா?"

பிறகு அவளே வந்தாள். கையில் பென்சில். பல் ஒன்று புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைக்காரரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கு வந்த ஆய்வாளருக்குச் சொல்வது போல, "வாங்க" என்றாள்.

பால்சாமி அண்ணன் தன் கையைப் பார்த்தார். திருப்பி, விரல் நகங்களை அவள் பக்கம் நீட்டினார். "கரிமாமா தாயி."

அவள் நகங்களைப் பார்த்தாள். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ வரத் தொடங்கியது. "வீட்டுப்பாடம் முடிச்சுட்டியா?" என்று பிரபாகரன் கேட்டான். அவள் உள்ளே போய்விட்டாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை பரமக்குடி தபால் அலுவலகத்துக்குப் பிரபாகரன் சொன்ன நேரத்துக்கு வந்தான். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை எல்லாம் சரியாகக் கொண்டுவந்திருந்தான். கைப்பேசி எண் என்ற இடத்தில் அவன் எண்ணை எழுதினோம். கணக்குப் புத்தகத்தில் சிநேகா பெயரும் பாதுகாவலர் பிரபாகரன் பெயரும் இருந்தன. அதை வாங்கி பால்சாமி அண்ணன் முதல் பக்கத்தை விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். பிரபாகரனிடம் கொடுத்தார். கணக்கு எண்ணை மட்டும் நான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

"கடலாடியிலயே கட்டலாம்ணே. ஒண்ணே ஒண்ணு, அஞ்சாம் தேதிக்குள்ள கட்டிருங்க. அஞ்சு தாண்டிட்டா அந்த மாசத்துக்கு அந்தப் பணத்துக்கு வட்டி கெடையாது."

"அஞ்சு எதுக்கு? ஒண்ணாந்தேதியே கட்டிருவோம்" என்றார்.

அப்படியேதான் கட்டினார். மூட்டம் புகையும்போதும், அரை நாளுக்கு வேறொருவரைக் காவல் வைத்துவிட்டு, ஒன்றாம் தேதி முதல் பேருந்தில் வந்துவிடுவார். கட்டும் சீட்டு எழுதத் தெரிந்தாலும் என்னிடம்தான் எழுத வருவார். நின்றுகொண்டே எழுத வைப்பார். பணம் செலுத்துகிறவர் கையொப்பம் என்று ஒரு மூலை இருக்கும், அதில் மட்டும் அவர் கை. எதிரே போய்க் கட்டிவிட்டு வந்து, "முடிஞ்சுச்சு" என்பார். சில மாதம் நிறைய, சில மாதம் கொஞ்சம்.

ஒருநாள், "நான் கட்டுறது அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"உடனே அவர் போனுக்கு மெசேஜ் போயிருமேண்ணே."

"அப்பிடியா?" என்றார். "அப்ப மாசத்துல ஒரு தடவ அந்த வீட்டுக்குள்ள போய்ட்டு வாரேன்னு சொல்லு."

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மழையில் மூட்டம் போட முடியாது. அந்த மாதம் ஒன்றாம் தேதி அவர் வரவில்லை. இரண்டு, மூன்று என்று போய் ஐந்தும் தாண்டியது. மூன்றாம் தேதி நான் கூப்பிட்டபோது கைப்பேசி அணைந்திருந்தது. கொட்டகையில் மின்சாரம் கிடையாது, டீக்கடையில்தான் சார்ஜ் ஏற்றுவார். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். வண்டிப்பாதையில் தண்ணீர் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் தேதி வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. காய்ச்சலாம். கொட்டகையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறார். நாலாம் தேதி மழை விட்டபோது மெல்ல நடந்து டீக்கடைக்கு வந்து போனைப் போட்டதும் மணி அடித்திருக்கிறது.

"யாரு தெரியுமா? பிரபாகரன்."

"என்ன சொன்னாரு?"

"இந்த மாசம் மெசேஜ் வரலையே, மேலுக்கு முடியலையான்னு கேட்டான்." அதை இன்னொரு தடவை சொன்னார், பிரபாகரன் பேசியது போலவே. "மேலுக்கு முடியலையான்னு கேட்டான். மச்சான்னு கூப்பிடல. ஆனாக் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீக?"

"லேசாக் காய்ச்சல்னேன். மாத்திரை வாங்கிப் போடுங்கன்னான். அவன் பேசும்போதே அந்தப் பக்கம் பிள்ள சத்தம். யாருப்பா, கரிமாமாவான்னு கேட்டுச்சு. அவன் ஒண்ணும் சொல்லல. வச்சுட்டான்."

சீட்டு எழுத நான் பேனாவை எடுத்தேன். அவர் பணத்தை எடுக்கவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, நீ படிச்சவன். அவன் பணத்துக்குக் கேட்டானா, எனக்காகக் கேட்டானா?"

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் யாராவது நான்கு நாள் பேசாமல் கிடந்தால் எத்தனை நாளில் தேடுவோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். நானே தேடிப் போகாதவன்தானே.

"தெரியலண்ணே" என்றேன்.

"எனக்கும்தான்" என்று பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அவர் வரவில்லை. இந்த முறை நான் இரண்டாம் தேதியே போன் செய்தேன். எடுத்தார். குரல் நன்றாக இருந்தது. "வாரேன், வாரேன்" என்றார். மூன்றும் நான்கும் போயின.

ஐந்தாம் தேதி முதல் பேருந்தில் வந்துவிட்டார். காலையில் கடை திறக்கும்போதே வெளியே நின்றார். உள்ளே வந்து, தோள் துண்டை எடுத்து நாற்காலியில் விரித்து, அதன் மேல் உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைப்பேசியை எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார்.

"சீட்டு எழுதட்டுமாண்ணே?"

"இருலே. என்ன அவசரம்."

பணம் சட்டைப்பையில் மேடாகத் தெரிந்தது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு பெரியவருக்கு ஓய்வூதியம், ஒரு பெண்ணுக்கு நர்சிங் விண்ணப்பம். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒரு தடவை கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இது சரியாத்தான இருக்கு? சத்தம் கேக்குமா?" என்றார். என் போனிலிருந்து அடித்துக் காட்டினேன். சத்தமாகவே அடித்தது. வாங்கி மறுபடியும் தொடை மேல் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மதியம் ஆள் இல்லாதபோது மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, சிநேகா அப்பாவுக்கு நீங்களே ஒரு போன் போட்டா என்ன?"

"என்னன்னு போட?"

"நல்லா இருக்கீகளான்னு."

"பணத்தக் கட்டிக்கிட்டே போன் போட்டா சொல்லிக்காட்டுற மாதிரி ஆயிரும்லே. கட்டலையேன்னு அவனாக் கேட்டா வேற." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "போன மாசம் ரெண்டு மூணு நாள்ல கேட்டுட்டானே."

"மூணு மணிக்குக் கவுண்டர மூடிருவாக."

"தெரியும்."

"இன்னைக்கு அஞ்சு."

"தெரியும்லே. நீதான சொன்ன."

ஒரு மாத வட்டி என்பது பெரிய தொகை இல்லை. நாளைக்கு, நாளை மறுநாள் கட்டினாலும் கணக்கு அப்படியேதான் இருக்கும். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவர் காத்திருப்பார். எத்தனை நாள் காத்திருப்பார் என்று தெரியாது. போன் வந்தால் நல்லது. வராவிட்டால், சொல்லிக் காத்திருக்க வைத்தவன் நான் என்றாகிவிடும். வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தேன். திரையில் என் தேர்வு முடிவுகளுக்கான பக்கம் திறந்தே இருந்தது. அதிலும் ஒன்றும் வரவில்லை.

இரண்டரை மணி தாண்டியது. எதிரே தபால் அலுவலகத்தில் வரிசை கரைந்துவிட்டது. கவுண்டர் அக்கா எழுந்து ஜன்னல் கதவில் ஒன்றைச் சாத்தினார்.

பால்சாமி அண்ணன் எழுந்தார். "எழுது" என்றார்.

எழுதினேன். கணக்கு எண்ணை நான் பார்க்காமலே எழுதுவேன், அவரும் பார்க்காமலே சொல்வார். இருவரும் ஒரே நேரத்தில் முடித்தோம். மூலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேகமாகச் சாலையைக் கடந்தார். ஒரு கையைக் காட்டி, மூடப்போன இன்னொரு கதவை நிறுத்தியது இங்கிருந்து தெரிந்தது.

திரும்பி வந்தபோது வழக்கமாகச் சொல்லும் முடிஞ்சுச்சு என்பதைச் சொல்லவில்லை.

"பிள்ள காசுல விளையாடக் கூடாது" என்றார். நாற்காலியில் இருந்த துண்டை எடுத்து, அதாலேயே நாற்காலியைத் துடைத்தார். கைப்பிடியையும் துடைத்தார். "இந்நேரம் அங்கன மணி அடிச்சுருக்கும்."

"அடிச்சுருக்கும்ணே."

"சரி, வாரேன். சாயந்தரம் தீ வைக்கணும்."

சாயல்குடிப் பேருந்து கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. காலையில் பணம் இருந்த சட்டைப்பையில் இப்போது கைப்பேசியைப் போட்டிருந்தார். படியில் ஏறி, உள்ளே போய், இடமிருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றார். பேருந்து திரும்பும்வரை அவருடைய இன்னொரு கை அந்தப் பையின் மேலேயே இருந்தது.